பாஸ்போர்ட்டில் பதின்மூன்று, படகில் பன்னிரண்டு

1998 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை ஓவியாவின் படகு கார்டு தபாலில் வந்தது. லைப்ரரி கார்டு அளவுதான் இருக்கும். அவள் பெயர், பிறந்த தேதி, மோட்டார் படகைப் பாதுகாப்பாக ஓட்டும் வகுப்பில் தேறியவள் என்று டெக்ஸஸ் மாநிலம் சொல்லும் ஒரு வரி, அவ்வளவுதான். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அதை ஃப்ரிட்ஜ் கதவில், தம்பி மதனின் ஸ்பெல்லிங் டெஸ்டுக்கு மேலே, காந்தம் வைத்து மாட்டியிருந்தாள்.

"தொண்ணூத்தி ஆறுப்பா. கிளாஸ்ல நான்தான் ஹையஸ்ட். பின்னாடி ஒரு பெரிய அங்கிள் இருந்தார், அவருக்கு எழுபத்தி ரெண்டு."

"அந்த அங்கிளுக்குக் கார்டு தேவையே இல்லையே."

"அதான் ஜோக். உங்களுக்கும் தேவையில்லை. எனக்குத்தான் வேணும்."

அப்போது அந்தச் சட்டம் புதிது. பதின்மூன்று வயது முடிந்த பிள்ளை இந்தக் கார்டை வைத்திருந்தால் பெரியவர் துணையில்லாமல் மோட்டார் படகு ஓட்டலாம். பதின்மூன்று ஆகவில்லை என்றால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் படகில் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். என்னைப் போல நடுவயதில் ஒன்றும் தெரியாமல் படகு வாங்கியவர்களைச் சட்டம் எதுவும் கேட்கவில்லை.

முந்தைய வருஷம் ரிட்டையர் ஆன சக ஊழியர் ஒருவரிடம் பதினாறடி அலுமினியப் படகு ஒன்றை நான் வாங்கியிருந்தேன். நாங்கள் குடியிருந்த சுகர் லேண்டிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஃப்ரீவேயில் போனால் பெரிய ஏரி. பிள்ளைகள் இருவருக்கும் நீச்சல் தெரியும். எனக்கும் என் மனைவி சாந்தாமணிக்கும் தெரியாது. நான் தைரியசாலி போல நடித்தேன். அவள் நடிக்கவில்லை. கரையில் ஏரிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து புளிசாதம் பிரித்து வைப்பாள்.

சாந்தாமணி இப்போது இல்லை. இருந்திருந்தால் நான் தேதிகளைத் தப்பாகச் சொல்லும் இடங்களில் திருத்தியிருப்பாள். தேதி விஷயத்தில் அவள் கெட்டி. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

ஓவியாவுக்கு ஒரே ஒரு ஆசை. ஏரியின் எதிர்க்கரையில் ஒரு மணல்திட்டு உண்டு. மதனையும் தன் சிநேகிதி ரோஷினியையும் ஏற்றிக்கொண்டு, பெரியவர் யாருமில்லாமல், அங்கே தானே படகை ஓட்டிப் போக வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் அந்த ஏரிக்கரையில் கூடும் செப்டம்பர் பிக்னிக்குக்குள் போய்விட வேண்டும். கார்டு வந்த அன்று சாப்பிடும்போது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். சாந்தாமணி மோரை ஊற்றிக்கொண்டே, "தனியா எல்லாம் வேண்டாம் கண்ணு, உனக்கு இன்னும் வயசாகலை," என்றாள்.



"சட்டத்துல எத்தனை வயசுங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"பதிமூணு."

"இவளுக்கு?"

"கார்டைப் பாரு. எண்பத்தஞ்சு ஜூன் ஒண்ணு. பதிமூணு முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு."

"கார்டை யாருங்க கேட்டா? பெத்தவ நான். கோபி ஆஸ்பத்திரியில, எண்பத்தாறு, சித்திரை அஞ்சு. வெள்ளிக்கிழமை."

அவள் சொன்னது உண்மை. 1990-ல் நான்தான் ஓவியாவைக் கோபியில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தை ஏபிசிடியைத் தலைகீழாகச் சொல்கிறதே, ஒரு வருஷம் எதற்கு வீண் என்று எனக்கு அவசரம். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து, "ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கலாங்களா?" என்று அவரே கேட்டார். என்னுடைய பிறந்தநாளையும் அப்படித்தான் யாரோ போட்டிருந்தார்கள். ஹூஸ்டன் ஆபீஸில் எங்கள் பிரிவில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏழு பேர். ஐந்து பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள். எங்கள் மேனேஜர் ஒரே கேக்கில் எல்லாரையும் முடித்துவிட்டு, இந்தியாவில் அதற்கு முந்தைய ஆகஸ்டில் அப்படி என்ன திருவிழா என்று கேட்பார்.

பள்ளிக்கூடத்து ஜூன் ஒன்று பாஸ்போர்ட்டுக்குப் போனது. பாஸ்போர்ட்டிலிருந்து விசாவுக்கு. விசாவிலிருந்து அப்போது பாதியில் நின்றிருந்த எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு. வீட்டில் ஏப்ரலில் பாயசம், ஸ்கூலில் ஜூனில் கப்கேக். இரண்டு பிறந்தநாள் இருப்பது ஓவியாவுக்கு அதுவரை லாபமாகத்தான் இருந்தது.

"ம்மா, திஸ் இஸ் நாட் ஃபேர். லீகலா எனக்கு தர்ட்டீன்."

"லீகல் காயிதத்தைப் பாக்கும் கண்ணு. ஏரி எந்தக் காயிதத்தைப் பாக்குது? சும்மாவா பதிமூணுன்னு வெச்சிருப்பாங்க? யோசிச்சுத்தானே வெச்சிருப்பாங்க."

"சாந்தா, இதை வெளியில சொல்லித் தொலைக்காதே," என்றேன். "கிரீன் கார்டு நடுவுல இருக்கு."

"வெளியில யாருகிட்டச் சொன்னேன்? எம் பொண்ணுகிட்டச் சொல்றேன்."

ஓவியா எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். காந்தம் கீழே விழுந்து உருண்டது. மதன் அதைப் பொறுக்கி, "சோ இஸ் ஷீ ட்வெல்வ் ஆர் தர்ட்டீன்?" என்றான்.

இரண்டு நாள் கழித்து ஓவியா வகுப்பில் கொடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். விரலை ஒரு பக்கத்தில் வைத்திருந்தாள்.

"அண்டர் தர்ட்டீன்னா ஒரு அடல்ட் போட்ல இருக்கணும். அவ்வளவுதான் ரூல். அப்போ நீ வா."

"அப்பாவைக் கூட்டிட்டுப் போ."

"அப்பா வந்தா ரெண்டு நிமிஷத்துல ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கிறார். நீதானே ஏஜ் பத்திச் சொன்னே. நீ வா."

அம்மாவால் முடியாது என்று தெரிந்தே பிள்ளை கேட்கிறது என்று நான் நினைத்தேன். சாந்தாமணியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள்.

"சரி, வர்றேன். வர்ற சித்திரை அஞ்சு வரைக்கும். அன்னைக்கு நான் எறங்கிக்கறேன், நீ தனியாப் போ."

முதல் சனிக்கிழமை அவள் லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே போட்டுக்கொண்டாள். சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு நிற ஜாக்கெட், இடுப்பு வார் இறுக்கிக் கட்டி, ஒன்றரை மணி நேரம் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பக்கத்து லேனில் ஒரு லாரிக்காரர் எங்களையும் பின்னால் வரும் படகையும் பார்த்துவிட்டு மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். ஓவியா சீட்டில் வழுக்கிக் கீழே போய்விட்டாள்.

படகில் ஏறியதும் சாந்தாமணி இரண்டு கையாலும் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். மூடவில்லை. ஓவியா புறப்படும் முன் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலை வாசித்தாள். சாந்தாமணி ஒவ்வொன்றுக்கும், "அது எதுக்கு?" என்றாள்.

"கில் ஸ்விட்ச்."

"எதுக்கு?"

"இந்தச் சுருள் கயிறு என் ஜாக்கெட்ல மாட்டியிருக்கும். நான் தண்ணியில விழுந்தா கயிறு பிடுங்கிக்கும், இன்ஜின் நின்னுடும்."

"நிக்கலைன்னா?"

"போட் சுத்திட்டு வந்து என்னையே அடிக்கும்."

"அப்போ மாட்டு. இழுத்துக் காட்டு. நிக்குதான்னு பாக்கலாம்."

பதில் தெரியாத கேள்வி வந்தால் படகு அன்று கரையை விட்டுக் கிளம்பாது. ஓவியா புத்தகத்தைப் புரட்டிப் படித்துச் சொல்ல வேண்டும். படகைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருத்திக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருந்ததால், தனக்குப் புரியாதவை எவை என்று ஓவியாவுக்குத் தெரிந்துபோயிற்று. நான் கரையில் சாந்தாமணியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பையும் என் பொறுப்புக்கு வந்திருந்தது.

ஆகஸ்டில் அவர்களுக்கென்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலியான பால் கேனில் பாதி தண்ணீர் நிரப்பி மூடி, ஓடும் படகிலிருந்து சாந்தாமணி திடீரென்று தூக்கி எறிவாள். "ஆள் விழுந்தாச்சு," என்பாள். ஓவியா உடனே வேகத்தைக் குறைத்து, வளைந்து, காற்றுக்கு எதிர்த்திசையில் மெதுவாக வந்து, கைக்கெட்டும் தூரத்தில் இன்ஜினை அணைத்து, கேனை எடுக்க வேண்டும். முதல் நாள் கேன் மேலேயே படகை ஏற்றினாள். "செத்தான்," என்றாள் சாந்தாமணி. மறுபடி எறிந்தாள். ஒரு சனிக்கிழமை பதினெட்டு தடவை எறிந்ததாக மதன் எண்ணிச் சொன்னான்.

செப்டம்பர் பிக்னிக்குக்கு டாக்டர் கஸ்தூரிரங்கன் தன் புதுப் படகைக் கொண்டுவந்தார். இருபத்தோரடி, வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு, குடை, பாட்டுப் பெட்டி எல்லாம் உண்டு. சென்னைக்காரர், நல்ல மனுஷர், எதையும் உரக்கச் சொல்வார். அவர் மகன் க்ரிஷுக்குப் பதினான்கு. ஹூஸ்டனிலேயே பிறந்தவன், அவன் பிறந்த தேதி எல்லாக் காகிதத்திலும் ஒன்றுதான். அவனும் கார்டு வாங்கியிருந்தான். அன்று தனியாகப் படகை ஓட்டி மணல்திட்டுக்குப் போய் வந்தான். ஓவியா அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரையோரமாக ஓட்டினாள்.

"என்ன சாந்தாமணி, லைசென்ஸ் வாங்கின பொண்ணுக்குப் போலீஸ் காவலா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்கண்ணா," என்றாள் இவள். வேறு விளக்கம் சொல்லவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

க்ரிஷ் பக்கத்தில் படகை ஓட்டிக்கொண்டு போகும்போது, "நைஸ் பேபிசிட்டர், ஓவியா," என்றான். ஓவியாவின் காது சிவந்தது. திரும்பி வரும் வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இன்னும் தர்ட்டி டூ வீக்ஸ்," என்றாள். எண்ணி வைத்திருந்தாள்.

அக்டோபர் முதல் வாரம். ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது, அடுத்த சனிக்கிழமை ஏரிக்குப் போனோம். டாக்டர் வீட்டாரும் நாங்களும் மட்டும். டாக்டரின் மனைவி ஷ்யாமளா புதுப் படகுக்கு வீட்டு வாசலில் வைத்தே பூஜை போட்டிருந்தார். முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஸ்டீயரிங்கில் காய்ந்த சாமந்திச் சரம்.

"வேலுமணி, எத்தனை நாள் கரையிலேயே காக்கா ஓட்டுவீங்க? வாங்க, பெரிய போட்ல வாங்க," என்று டாக்டர் கூப்பிட்டார். ஏறிவிட்டேன். டாக்டர் ஓட்டினார். க்ரிஷ், அவன் தங்கை ரோஷினி, நான். ரோஷினிக்குப் பதினொன்று. பதின்மூன்றுக்குக் குறைந்த பிள்ளைகள் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்பதால் அவள் மட்டும் போட்டிருந்தாள். எங்கள் ஜாக்கெட்டுகள் சீட்டுக்கு அடியில் இருந்தன. கடையிலிருந்து வந்த பாலிதீன் உறையோடு இருந்தன. அழுக்காகிவிடும் என்று ஷ்யாமளா உறையைப் பிரிக்கவில்லை.

மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவில் டாக்டர் இன்ஜினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டார். முறுக்கு டப்பாவைத் திறந்தோம். ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த அதிகாரியைப் பற்றி நீளமாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ரோஷினி, "டாடி, மை ஷூஸ் ஆர் வெட்," என்றாள்.

"ஐஸ் பாக்ஸ் லீக் ஆறதும்மா," என்று கதையைத் தொடர்ந்தார்.

க்ரிஷ் குனிந்து பார்த்தான். "டாட், ஐஸ் பாக்ஸ் முன்னாடி இருக்கு. தண்ணி பின்னாடியிலேர்ந்து வரது."

அப்போதுதான் படகின் பின்பக்கம் தாழ்ந்திருப்பதைக் கவனித்தேன். டாக்டர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. மறுபடி திருப்பியபோது அதுவும் இல்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முறுக்கு டப்பா மிதந்தது. டாக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கெட்டை இழுத்து உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அந்தப் பாலிதீன் அவ்வளவு லேசில் கிழியவில்லை. க்ரிஷ் மட்டும் வகுப்பில் சொன்னபடி செய்தான். சீட்டின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தி உயர்த்தித் தாழ்த்தினான். உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அரை மைல் தள்ளி ஓவியாவும் அவள் அம்மாவும் மட்டும் இருந்த எங்கள் அலுமினியப் படகு போய்க்கொண்டிருந்தது; மதன் கரையில் ஷ்யாமளாவோடு இருந்தான். அது திரும்பியது.

வேகமாக வந்தது, பிறகு தூரத்திலேயே வேகம் குறைந்தது. சீக்கிரம் வரமாட்டாளா என்று எனக்குப் பதறியது. அவள் வேகமாக வந்திருந்தால் அந்த அலையே எங்களை முழுசாக மூழ்கடித்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. சுற்றி வளைந்து, காற்றுக்கு எதிராக முகத்தை வைத்து, நடக்கும் வேகத்தில் வந்தாள். பக்கத்தில் சாந்தாமணி. கம்பியைப் பிடிக்கவில்லை. கையில் கயிற்றுச் சுருளை வைத்திருந்தாள்.

"ஓவியா, இன்னும் கிட்ட கொண்டு வாம்மா. ஒட்டிக் கொண்டு வா," என்றார் டாக்டர். அவர் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை.

"வர மாட்டேன் அங்கிள். ப்ரொப்பெல்லர் இருக்கு. இன்ஜினை ஆஃப் பண்றேன். அம்மா கயிறு போடுவாங்க, பிடிச்சு இழுங்க. ஃபர்ஸ்ட் எல்லாரும் ஜாக்கெட் போடுங்க. அப்பா, நீங்களும். பக்கிள் போடுங்க, சும்மா மாட்டிக்காதீங்க."

இன்ஜின் நின்றது. சாந்தாமணி கயிற்றை எறிந்தாள். அது நேராக க்ரிஷின் மார்பில் வந்து விழுந்தது. அத்தனை சனிக்கிழமை பால் கேன் எறிந்த கை. இரண்டு படகும் நெருங்கியதும் அவள் முழங்கால் போட்டு வெளியே சாய்ந்து, ரோஷினியை ஜாக்கெட்டின் தோள் வாரில் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டாள். நீச்சல் தெரியாதவள், பாதி உடம்பு தண்ணீருக்கு மேல். பிறகு க்ரிஷ் ஏறினான். பிறகு டாக்டர், கொஞ்சம் சிரமப்பட்டு.

நான் காலைத் தூக்கினேன்.

"அப்பா, வெயிட்," என்றாள் ஓவியா.

படகின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு அடித்திருக்கும். எத்தனை பேர் ஏறலாம் என்று. எங்களுடையதில் ஐந்து. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். டாக்டர் ஒன்றரை ஆள் எடை. காற்று வேறு எழுந்திருந்தது. பிள்ளை தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவோ, படகை ஓட்டுகிறவள் சொல்லட்டும் என்று இருந்தாள்.

"அஞ்சுதான் லிமிட்ப்பா. உங்க போட் உடனே முழுகாது, முன்பக்கம் உள்ளே காத்து அடைஞ்சிருக்கு. மூக்குல ஏறி உக்காந்து பிடிச்சுக்கோங்க. பத்து நிமிஷத்துல வரேன்."

"போயிட்டு வா," என்றேன்.

"ஏனுங்க, வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுங்க," என்றாள் சாந்தாமணி. இழுத்தேன். அவள் தலையாட்டினாள். படகு மெதுவாக விலகி, என்னைத் தாண்டியபின் வேகமெடுத்தது. நான் சந்தனப் பொட்டின் மேல் குதிரை ஏறியவன் போல உட்கார்ந்திருந்தேன். பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சுக்குள் இருந்தது. என் பெண் என்னை ஏற்ற முடியாது என்று சொன்னது சரியான பதில், எனக்கு அது தெரிந்தது, அதில் எனக்குக் கர்வமாக இருந்தது.

அவள் திரும்பி வருவதற்குள் ஏரிக்காவல் அதிகாரியின் பச்சைப் படகு வந்து என்னை ஏற்றிக்கொண்டது. கரையில் எல்லாரையும் துண்டு போர்த்தி உட்காரவைத்து அவர் விசாரித்தார். நெட்டையான மனுஷர், காக்கிச் சட்டை, வெயிலில் காய்ந்த முகம். ஓவியாவிடம் கார்டைக் கேட்டார். பார்த்தார். "அப்போ உனக்குப் பதின்மூன்று," என்றார்.

ஓவியா அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள். "கார்டில் பதின்மூன்று சார். நிஜத்தில் பன்னிரண்டு. இந்தியாவில் ஸ்கூலில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்வார்கள். அதனால்தான் அம்மா கூட இருந்தாங்க."

கிரீன் கார்டு, விசா, விண்ணப்ப எண் எல்லாம் என் கண் முன்னால் ஓடின. வாயைத் திறந்தேன். சாந்தாமணி என் ஈரக் கையை அழுத்தினாள்.

அதிகாரி கார்டை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். தன் தாத்தா கடற்படையில் சேர இரண்டு வயது கூட்டிச் சொன்னவர் என்றும், கடைசிவரை குடும்பத்தில் யாருக்கும் அவர் சரியான வயது தெரியாது என்றும் சொன்னார். பிறகு கார்டை ஓவியாவிடம் கொடுத்தார். "பதின்மூன்று என்றால் உன்னிடம் கார்டு இருக்கிறது. பன்னிரண்டு என்றால் உன் அம்மா இருக்கிறார். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இன்றைக்கு இந்த ஏரியில் முழுக்கச் சட்டப்படி படகு ஓட்டியவள் நீதான்."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, உறை பிரிக்காத ஜாக்கெட்டுகளுக்காக அபராத டிக்கெட் எழுதினார். கைக்கு உடனே எட்டாத ஜாக்கெட் படகில் இல்லாத ஜாக்கெட்டுக்குச் சமம் என்றார். எழுதிக்கொண்டே, படகின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைக்குப் போடும் பித்தளை மூடி எங்கே என்று கேட்டார். பின்னால் அந்த ஓட்டை திறந்தே கிடந்ததாம்.

ஷ்யாமளா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அது ஆத்துல பூஜை ரூம்ல இருக்கு. அன்னிக்குப் போட்டை அலம்பினப்போ தண்ணி வடியறதுக்குக் கழட்டினேன். ஸ்பேனர், கத்தரிக்கோல் எல்லாத்தோடயும் தாம்பாளத்துல வெச்சுப் பொட்டு வெச்சுட்டேன்."

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

டாக்டருக்கு அதை எந்த இங்கிலீஷில் சொல்வது என்று தெரியவில்லை. க்ரிஷ்தான் சொன்னான். "வி வொர்ஷிப்ட் த ப்ளக், சார். இட்ஸ் அட் ஹோம்."

அதிகாரி பேனாவை மூடினார். இப்படி ஒரு காரணம் அவர் கேட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது டாக்டர் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஓவியாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "சாந்தாமணி, இனிமேல் என்ன காவல்? அவ ப்ரூவ் பண்ணியாச்சு. தனியா விடும்மா அவளை."

சாந்தாமணி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஓவியா முந்திக்கொண்டாள். "ஏப்ரல் பதினெட்டு, அங்கிள்."

சொல்லிவிட்டு அப்பளத்தைக் கடித்தாள். அம்மா சொன்னதாக அவள் அதைச் சொல்லவில்லை. அது அவளுடைய தேதியாகிவிட்டிருந்தது. க்ரிஷ் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தேங்க்ஸ். அண்ட் சாரி அபவுட் த பேபிசிட்டர் திங்," என்றான். ஓவியா அவனிடம் ஊறுகாயைத் தள்ளினாள்.

குளிர்காலத்திலும் இருவரும் போனார்கள். ஜனவரியில் சாந்தாமணி ஜாக்கெட்டுக்கு உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டு, தலையில் மஃப்ளர் சுற்றி, கதவுக்குள் நுழைய முடியாமல் நுழைந்து காரில் ஏறுவாள். எதிர்க்கரையில் எங்கே மரக்கட்டை மூழ்கிக் கிடக்கிறது, எந்த மூலையில் காற்று திடீரென்று திரும்பும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஸ்டீயரிங்கை மட்டும் அவள் தொட்டதில்லை.

1999 ஏப்ரல் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சித்திரை ஐந்து. டாக்டர் வீட்டார் பூராவும் வந்திருந்தார்கள். ஓவியா பட்டியலை வாசித்தாள். சாந்தாமணி ஒவ்வொன்றுக்கும் எதுக்கு என்று கேட்டாள், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் சாந்தாமணி படகிலிருந்து பலகைத் துறைக்கு ஏறினாள். மதனின் ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்த்தாள், ரோஷினியுடையதை இழுத்துப் பார்த்தாள், இருவரையும் உள்ளே இறக்கினாள்.

"எங்கே உக்காருவீங்க?"

"கீழ. நகர மாட்டோம்," என்றார்கள் இருவரும் சேர்ந்து.

"போயிட்டு வா சாமி," என்றாள் ஓவியாவிடம்.

படகு மெதுவாக விலகியது. நான் என்னை அறியாமல் துறையின் விளிம்புவரை நடந்துவிட்டேன். சாந்தாமணி நகரவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மெதுவாப் போகச் சொல்ற மிதவையைத் தாண்டட்டும். அப்புறம் வேகத்தைத் தூக்குவா," என்றாள். அதைத் தாண்டியதும் படகின் மூக்கு எழுந்தது.

"இப்போ தலையை எடதுபக்கம் திருப்புவா. மீன் பிடிக்கறவன் ஒருத்தன் இருப்பான்."

ஓவியாவின் தலை இடப்பக்கம் திரும்பியது.

"வேகத்தைக் குறைப்பா. அங்கே மரம் கெடக்குது."

படகு தாழ்ந்தது, வளைந்தது, மறுபடி எழுந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் சொல்வதும் அங்கே நடப்பதும் ஒரு நொடி வித்தியாசத்தில் வந்துகொண்டிருந்தன.

"இப்போ இன்ஜினை ஆஃப் பண்ணிட்டா. மணல்ல ஏத்தாம முன்னாடியே நிறுத்துவா."

எதிர்க்கரையில் படகு சின்ன வெள்ளித் துண்டாக நின்றது. மூன்று புள்ளிகள் அதிலிருந்து இறங்கின. அதில் உயரமானது குனிந்தது, ஏதோ செய்தது, நிமிர்ந்தது.

"கட்டிட்டா," என்றாள் சாந்தாமணி.

அவ்வளவு தூரத்தில் கயிறு தெரியாது. ஆனால் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, படகு இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.